தையல் மெஷின் என்று சொன்னவர்களுக்கு

"என்னங்க இது, தையல் மெஷின வாங்கி வெச்சிருக்கீங்க?"

கேட்டவர் நாமக்கல்காரர். அவருடைய அப்பா நாலு லாரி வைத்து ஓட்டியவர். மகன் இப்போது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறார். என் மைத்துனர் புதிதாக எடுத்த 2024 டொயோட்டா டகோமாவின் பானட்டைத் தூக்கிக் காட்டினார். நண்பர் குனிந்து பார்த்தார், சிலிண்டர்களை எண்ணினார், நிமிர்ந்தார், மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார். சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். மைத்துனரும் வெட்கத்தோடு சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐம்பதாயிரம் டாலருக்குப் பக்கம் கொடுத்தவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்தச் சிரிப்பு அந்த முற்றத்தில் மட்டும் கேட்ட ஒன்று இல்லை. அமெரிக்காவில் நடுத்தர அளவு பிக்அப் என்றால் டகோமாதான் என்னும் அளவுக்கு இருபது வருடமாக அதுவே விற்பனையில் முதலிடம். 2023 மே மாதம் அதன் நான்காம் தலைமுறை வெளிவந்த நாளிலிருந்து ஒரே பாட்டு: வண்டியைக் கெடுத்துவிட்டார்கள். குற்றப்பத்திரிகையில் நாலு வரி. ஆறு சிலிண்டர் என்ஜினைத் தூக்கிவிட்டு நாலு சிலிண்டர் டர்போ வைத்துவிட்டார்கள். பின்னால் இருந்த கமான் பட்டையை எடுத்துவிட்டுக் கார் மாதிரி சுருள் ஸ்பிரிங் போட்டுவிட்டார்கள். இழுவை எண் குறைந்துவிட்டது. ஹைபிரிட் என்கிறார்கள், மைலேஜ் ஒன்றும் இல்லை. ஆக, உழைக்கிற வண்டி ஷோக்கு வண்டியாகிவிட்டது, முடிந்தது கதை.

இந்த நாலில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி. புது டகோமா மேல் சொல்ல வேண்டிய குறைகள் உண்டு, பிறகு அவற்றுக்கு வருகிறேன். ஆனால் ஊர் சொல்கிற குறைகள் அவை இல்லை.

முதலில் இந்தச் சிலிண்டர் கணக்கு. டொயோட்டா பிக்அப்பை அமெரிக்காவில் தெய்வமாக்கிய என்ஜின் எது? பழைய டொயோட்டா பைத்தியங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கக் கலக்கத்தில் சொல்வார்கள்: 22ஆர். அழியாது, உடையாது, எண்ணெய் இல்லாமல்கூட வீடு சேர்க்கும் என்று கதைகதையாகச் சொல்லப்படும் என்ஜின். அதற்கு எத்தனை சிலிண்டர்? நாலு. எவ்வளவு கொள்ளளவு? 2.4 லிட்டர். 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் அந்தப் பையன் ஏங்கி ஏங்கிப் பார்ப்பானே, கறுப்பு டொயோட்டா? அது 1985 மாடல். டொயோட்டா பிக்அப்பில் ஆறு சிலிண்டர் நுழைந்ததே 1988-இல்தான். ஊரே ஆசைப்பட்ட அந்த வண்டியில் ஓடியது நாலு சிலிண்டர். இன்னும் கேளுங்கள்: 1986-லேயே அதே 22ஆர் என்ஜினுக்கு டர்போ மாட்டி டொயோட்டா விற்றது, 135 குதிரைத்திறனுக்கு. ஆக 2.4 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ என்பது இந்த வண்டியின் பரம்பரைக்கு அந்நியமே இல்லை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்ததற்கு, தாத்தாவின் படத்துக்கு மாலை போடுகிறவர்களே கோபப்படுகிறார்கள்.

சரி, பரம்பரை இருக்கட்டும். வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம்.

போன தலைமுறையில் இருந்த 3.5 லிட்டர் வி6 என்ஜின் 278 குதிரைத்திறன் தந்தது. புதியதில் 2.4 லிட்டர் டர்போவும் அதே 278 தருகிறது (அடிமட்ட எஸ்ஆர் மாடலில் மட்டும் 228). எண் ஒன்றாக இருப்பதால்தான் "அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்கிறார்கள். மாற்றம் எங்கே இருக்கிறது என்றால் டார்க் என்னும் முறுக்கு விசையில். பழைய வி6-இன் உச்ச டார்க் 359 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது நிமிடத்துக்கு 4,600 சுற்றில். புதியதன் உச்சம் 430; அது 1,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஹைபிரிட் என்றால் 630, அதுவும் 1,700-இல்.

இந்த 1,700-க்கும் 4,600-க்கும் உள்ள தூரம்தான் என் கட்டுரை முழுவதும். பின்னால் மண்ணை ஏற்றிக்கொண்டோ டிரெய்லரைக் கட்டிக்கொண்டோ கிளம்புகிறவன் எந்தச் சுற்றில் ஓட்டுகிறான்? ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறுக்குள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,700 சுற்றில் புது டர்போ தருவது சுமார் 103 குதிரைத்திறன். ஹைபிரிட் தருவது 150. பழைய வி6 அந்தச் சுற்றில் தன் உச்ச டார்க்கை எட்டாது. எட்டுவதாக வைத்துக்கொண்டு தாராளமாகப் போட்டாலும் 86-க்கு மேல் வராது. உச்சியில் பழைய வி6-உம் புது டர்போவும் ஒரே ஆள்தான். அடிவாரத்தில் ஒருவன் தனியாக நிற்கிறான். சுமை தூக்குவது அடிவாரத்தில்.

நாமக்கல் நண்பரிடம் அன்றைக்கே இதைக் கேட்டேன். "உங்க அப்பா லாரி எந்தச் சுற்றில் இழுத்தது?" லாரி டீசல் என்ஜின்கள் ஆயிரத்தைந்நூறை ஒட்டித்தான் முழு மூச்சையும் தருகின்றன, அவையும் பல காலமாக டர்போ போட்டவைதான். சேலத்துப் பக்கம் தொப்பூர் ஏற்றத்தில் லோடு வண்டி முனகிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர், 4,600 சுற்றில் கத்தி இழுக்கிற கார் என்ஜினைத்தான் லாரி என்ஜின் என்று நினைக்கிறார் என்றால் அமெரிக்கா அவரை எவ்வளவு மாற்றிவிட்டது என்று பாருங்கள். கார் என்ஜின் என்று சொல்வது வசவு இல்லை. அந்த 3.5 வி6 லெக்சஸ் ஆர்எக்ஸ், ஹைலேண்டர் ஆகிய குடும்ப வண்டிகளில் ஓடிய அதே குடும்பத்து என்ஜின். நல்ல என்ஜின், மென்மையான என்ஜின். ஆனால் ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கோடு மேட்டில் ஏறும்போது அதற்கு மூச்சு வேண்டுமென்றால் கியரை இரண்டு படி இறக்கி உறும வேண்டும். அதன் இயல்பு அது. எட்டு கியரும் தாழ்ந்த சுற்று டார்க்கும் சேர்ந்த புது வண்டிக்கு அந்த உறுமல் தேவைப்படுவது குறைவு. உறுமல் கேட்கவில்லை என்பதால் பலம் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். சத்தம் போடுகிறவன்தான் வேலை செய்கிறான் என்று நினைக்கிற மேஸ்திரி மாதிரி.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த 3.5 வி6 2016 மாடலில் வந்தபோது அதற்கும் ஒப்பாரிதான். அதற்கு முன் இருந்த 4.0 லிட்டர் வி6-தான் உண்மையான டிரக் என்ஜின், இது கார் என்ஜின் என்று அன்றைக்கு அழுதார்கள். அதில் நியாயமும் இருந்தது: ஏறக்குறைய அதே டார்க்கை 4.0 என்ஜின் 600 சுற்று முன்னாலேயே தந்தது. எட்டு வருடம் கழித்து, எதற்கு எதிராக அழுதார்களோ அதற்காகவே அழுகிறார்கள்.

மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டி ஓடுகிற நாட்டின் மேற்குப் பாதி முழுக்க மலை. ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்கிற ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். காற்றை இயல்பாக உறிஞ்சும் என்ஜின், ஏறும் ஒவ்வொரு முந்நூறு மீட்டருக்கும் சுமார் மூன்று சதவீத பலத்தை இழக்கும். காற்று மெலிவதால் வரும் இழப்பு இது, யாரும் தப்ப முடியாது. 278 குதிரைத்திறன் வி6 ஃபிளாக்ஸ்டாஃபில் 220-ஐ ஒட்டி நிற்கும். டர்போ மெலிந்த காற்றை அழுத்திப் பழைய அடர்த்திக்குக் கொண்டுவந்து கொடுப்பதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்டுவிடும். கடலோரத்தில் சமமாக நின்ற இரண்டு என்ஜின்கள் மலைமேல் சமம் இல்லை.

போன அக்டோபரில் மைத்துனரின் சாமான்களை வாடகை டிரெய்லரில் ஏற்றி அந்த வழியே கொண்டுபோனோம். சுமார் மூவாயிரம் பவுண்டு இருக்கும். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் ஐ-17 நெடுஞ்சாலை சட்டென்று நிமிரும். இடது பக்கம் சாகுவாரோ கள்ளிகள், வலது தடத்தில் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஏறும் பெரிய டிரக்குகள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சுற்றுமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டாயிரத்துக்குச் சற்று மேலே போய், கொஞ்சம் யோசித்து, அங்கேயே நின்றது. மைத்துனர் பேச்சை நிறுத்தவில்லை. பின்னால் டிரெய்லர் கிடப்பதையே மறந்தவர் மாதிரி வேறு ஏதோ வீட்டுக்கடன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்றம் முடிகிற சன்செட் பாயிண்ட் ஓய்விடத்தில் இறங்கி டீ குடித்தபோது, "மச்சான், ஏறுனது தெரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டேன். "எங்க ஏறுனோம்?" என்றார்.

இனி கமான் பட்டை. இதில்தான் பக்தி உச்சம். லாரிக்குப் பட்டை, மாட்டுவண்டிக்கு அச்சாணி. அதில் கை வைக்கலாமா? புது டகோமாவின் நாலு கதவு மாடல்கள் பெரும்பாலானவற்றில் பின்னச்சு பல இணைப்புத் தண்டுகளோடு சுருள் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. (அடிமட்ட மாடல்களில் பட்டை இன்னும் இருக்கிறது, பட்டைதான் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கலாம், யாரும் கையைப் பிடிக்கவில்லை.) சுருள் போட்டால் சுமை தாங்காது என்பது வாதம். ராம் 1500 பெரிய பிக்அப் 2009 மாடலிலிருந்து பின்னால் சுருள்தான். நிஸான் நவாரா சுருள் போட்டுக்கொண்டே ஒரு டன்னுக்கு மேல் ஏற்றியிருக்கிறது. டகோமாவின் சொந்தக் கணக்கிலேயே அதிகபட்ச ஏற்றுசுமை 1,685 பவுண்டிலிருந்து 1,709-க்கு, அதாவது 764 கிலோவிலிருந்து 775-க்கு, இறங்கவில்லை, ஏறியிருக்கிறது.

பட்டையின் வேலை இரண்டு: சுமையைத் தாங்குவது, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பது. ஒரே பொருள் இரண்டு வேலையும் செய்வதால் விலை மலிவு, கோளாறு குறைவு. அதன் பெருமை அது. அதன் கஷ்டமும் அதுவே. வெறும் வண்டியாகக் கல்லும் மண்ணுமான பாதையில் போகும்போது, சுமைக்காக விறைப்பாக்கிய அதே பட்டை அச்சைத் துள்ள விடும். துள்ளுகிற சக்கரம் பிடிக்காது. பிடிக்காத சக்கரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் அனுப்பினாலும் தூசிதான் பறக்கும். சுருள் அமைப்பில் தாங்குவது ஒருவர், பிடிப்பது இன்னொருவர். அதனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், தரையை விடாது. கரடுமுரடான பாதைக்கென்றே விற்கப்படும் ஒரு வண்டியில் இது சொகுசா, திறமையா?

பட்டை உடையாது என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2014-இல் டொயோட்டா 2005 முதல் 2011 வரையிலான டகோமாக்கள் ஏறக்குறைய 6,90,000-ஐத் திரும்ப அழைத்தது. காரணம்: கமான் பட்டை முறிந்து பக்கத்தில் இருப்பதைக் குத்தலாம், பெட்ரோல் டேங்க் உட்பட.

பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசாததற்குக் காரணம் பேசினால் வாதம் விழுந்துவிடும். 2023 வரை விற்ற டகோமாவில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். 2023! நம் ஊரில் பல்சர் பைக்குக்குப் பின்னால் டிஸ்க் வந்து எத்தனை வருடமாயிற்று? புதியதில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், எல்லா மாடலிலும். டிரெய்லருக்கே தனி பிரேக் கட்டுப்பாடும் சில மாடல்களில் கிடைக்கிறது. ஏற்றத்தில் ஏறியதை மறந்த என் மைத்துனர் இறக்கத்தில் மறக்க முடியாது. இழுப்பதைவிட நிறுத்துவது பெரிய வேலை.

அடுத்து இழுவை எண். போன தலைமுறையின் உச்சம் 6,800 பவுண்டு, புதியதன் உச்சம் 6,500. குறைந்திருக்கிறது, உண்மை. ஹைபிரிட்டுக்கு 6,000-தான், அதுவும் உண்மை. ஃபோர்டு ரேஞ்சர் 7,500, செவ்ரோலே கொலராடோ 7,700 என்று பக்கத்து வீட்டு மதிப்பெண்ணையும் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால் இவ்வளவு கூச்சல் இருக்காது. எஸ்ஏஇ ஜே2807 என்றொரு சோதனை முறை இருக்கிறது. அதன் புகழ்பெற்ற பகுதி இந்த அரிசோனாவில்தான்: புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்தில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் பதினெட்டு கிலோமீட்டர் சாலை. குறைந்தது 38 டிகிரி வெயில், ஏசி முழுக்க ஓட வேண்டும், வேகம் மணிக்கு நாற்பது மைலுக்குக் கீழே விழக்கூடாது. என்ஜின் பலம் அதில் ஒரு பங்குதான். ரேடியேட்டர் தாங்குமா, சேஸி தாங்குமா, கொக்கி தாங்குமா, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குக் கம்பெனி கையெழுத்துப் போடுமா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். அதனால்தான் டார்க் அதிகமுள்ள ஹைபிரிட்டுக்குக் குறைந்த எண் வருகிறது: பாட்டரியும் மோட்டாரும் வண்டியின் சொந்த எடையைக் கூட்டிவிட்டன, அந்த எடை மொத்தத்திலிருந்து கழிகிறது. அந்தச் சாலையின் உச்சியும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு மீட்டரை ஒட்டித்தான். ஃபிளாக்ஸ்டாஃப் உயரத்தின் கதை அதில் வராது. பழைய 6,800-ம் எல்லா டகோமாவுக்கும் இருந்த எண் இல்லை. ஜனங்கள் வாங்கிக் குவித்த நாலு கதவு, நாற்சக்கர இயக்க வண்டிக்கு அது 6,400.

உண்மையில் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் விளம்பரத்தில் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும்: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எண் வேறு, ஏனென்றால் ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றிய அலங்காரம் வேறு. தோட்டத்துக்கு மண் வாங்கப் போனபோது அதைப் படித்தேன். மைத்துனர் வண்டியின் எண் 1,709-க்குப் பல நூறு பவுண்டு கீழே இருந்தது. எங்கள் இருவர் எடையைக் கழித்தோம். மண் கடைக்காரர் லோடரில் உட்கார்ந்துகொண்டு "முழு வாளியா?" என்று சைகை காட்டினார். ஒரு கன யார்டு மண் ஈரமில்லாமலேயே ஒரு டன்னை நெருங்கும். நான் விரலை மடக்கி, மூன்றில் ஒன்று என்று காட்டினேன். அவர் சிரித்தார். கறுப்பு மண் மெதுவாகச் சரிந்து விழுந்தது. பின்பக்கம் நாலு விரல்கடை இறங்கி, ஒரு முறை மூச்சு விட்ட மாதிரி அசைந்து, நின்றது. ஐந்து பேர் குடும்பம் ஏறி உட்கார்ந்தாலே அந்த மண்ணின் எடையில் முக்கால்வாசி வந்துவிடும் என்பதை எந்த இழுவை வீரரும் பேசுவதில்லை.

ஹைபிரிட் மைலேஜ் விஷயம் சின்னது, சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்க அரசு கணக்கில் ஹைபிரிட் டகோமா காலனுக்கு 23 மைல், லிட்டருக்கு பத்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கீழே. பழைய நாற்சக்கர இயக்க வி6-க்கு 20. பிரியஸ் மாதிரி ஐம்பது மைல் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எதிர்பார்த்ததுதான் தப்பு. இதன் பாட்டரி 1.87 கிலோவாட் மணி, சூட்கேஸ் அளவு சமாசாரம். கியர்பெட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே 48 குதிரைத்திறன் மோட்டார். டர்போ சுழன்று எழும்புவதற்குள் வரும் அந்த ஒரு நொடித் தொய்வை மோட்டார் நிரப்புகிறது. மோட்டாருக்குச் சுற்று ஏறும்வரை காத்திருக்கும் வழக்கம் இல்லையே. இதை மைலேஜ் கருவியாக அளப்பது, கடப்பாரையை எடுத்துக் காய் நறுக்கிப் பார்த்துவிட்டு மழுங்கல் என்று சொல்வது. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் 2,400 வாட் மின் இணைப்பும் ஹைபிரிட்டோடு கிடைக்கிறது. மின்கம்பமே இல்லாத இடத்தில் வேலிக் கதவு சரிசெய்யப் போன ஆசாரி, 15 ஆம்பியர் ரம்பத்தை வண்டியிலேயே சொருகி அறுக்கலாம். ஜெனரேட்டர் தூக்க வேண்டாம். இதை எந்த மைலேஜ் அட்டவணையில் எழுதுவது?

"அதெல்லாம் சரி, பழசு மாதிரி மூணு லட்சம் மைல் ஓடுமா?" கடைசி அஸ்திரம் எப்போதும் இதுதான். இருபது வருடம் ஓடும் வண்டி என்பதை இருபது வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும். எனக்கும் தெரியாது, சிரிக்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் "பழசு அழியாதது" என்று வரும்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸி உப்புப் போடும் பனி மாநிலங்களில் உள்ளிருந்து அரித்துப்போய், 2008-இல் டொயோட்டாவே மோசமானவற்றை மதிப்பைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அடுத்த தலைமுறையிலும் துரு. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களுக்கும் அதன் அண்ணன் வண்டிகள் சிலவற்றுக்கும் சேர்த்து 2016-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை. அழியாத வண்டியின் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். தப்பிப் பிழைத்த வண்டிகள் தெருவில் ஓடுகின்றன, பிழைக்காதவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஓடுகிறவற்றை மட்டும் பார்த்து எல்லாம் ஓடியது என்கிறோம். டர்போ என்பதாலேயே போய்விடும் என்று டகோமாவின் அண்ணன் வண்டி டன்ட்ராவைக் காட்டுகிறவர்களும் உண்டு. 2024-இல் திரும்ப அழைத்த சுமார் ஒரு லட்சம் வண்டிகளின் சிக்கல், தயாரிப்பின்போது என்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள். அந்த என்ஜினுக்குச் சிலிண்டர் எத்தனை தெரியுமா? ஆறு.

இனி, நான் ஒத்துக்கொள்ள வேண்டியவை.

சேறு. சேற்றிலும் சகதியிலும் போகவென்று விளம்பரம் செய்த வண்டியின் பின்சக்கரத்துக்குள் சேறு படிந்து பிரேக் குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கலாம் என்று 2024, 2025 மாடல் நாற்சக்கர இயக்க டகோமாக்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மீன் பிடிக்கப் போகிறவன் தண்ணீரை மறந்த கதை. முன்னால் மோவாய்க்கட்டை மாதிரி தொங்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றிவிடலாம் என்பதுதான் அதன் ஒரே நல்ல குணம். இரண்டு கதவு எக்ஸ்ட்ராகேபில் பின்னிருக்கையே கிடையாது, சாமான் பெட்டிதான். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தையை ஏற்றி வர நினைக்கும் கூலித் தொழிலாளிக்கு அது ஆகாது. நாலு கதவு எடுத்தால் பெரும்பாலும் ஐந்தடித் தொட்டி, எட்டடி பலகை ஏற்றினால் மூன்றடி வெளியே நீட்டும். ஆறடித் தொட்டியும் உண்டு, ஆனால் அப்போது வண்டி நீண்டு தெருவில் திரும்ப மறுக்கும். ஐந்தடித் தொட்டியோடேயே நீளம் 5.4 மீட்டர். நடுத்தர அளவு என்ற சொல்லுக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட விலை. வெறும் எஸ்ஆர் 31,500 டாலரில் தொடங்கியது. உச்சி மாடல்கள் 60,000-ஐத் தாண்டுகின்றன. பிக்அப் என்பது உழைக்கிறவன் வாங்குகிற வண்டி என்று யாராவது புலம்பினால் அந்தப் புலம்பலோடு நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் அதற்கு டர்போவைத் திட்டாதீர்கள், ஆள் மாறிவிட்டது. சிறிய, எளிய, மலிவான பிக்அப்பை டொயோட்டா இன்றைக்கும் செய்கிறது. 2023 நவம்பரில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒன்றை 4,59,000 பாட்டுக்கு, பதின்மூவாயிரம் டாலரை ஒட்டி, இறக்கியது. அது அமெரிக்கத் தெருவுக்கு வர முடியாமல் நிற்பதில் ஒரு கோழிக்குப் பங்கு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் வரியை ஏற்றின. பதிலடியாக ஜான்சன் அரசு 1964 முதல் இலகு டிரக்குகளுக்கு 25 சதவீத இறக்குமதி வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி மட்டும் நிலைத்துவிட்டது. டகோமா மெக்சிகோவில் டிஹுவானா, குவானஹுவாட்டோ ஆலைகளில் பிறப்பது சும்மா இல்லை. அதற்குமேல் எரிபொருள் சிக்கன விதி வண்டியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்து இலக்கு நிர்ணயிக்கிறது. பெரிய வண்டிக்கு இலக்கு இளகும். பெரிதாகச் செய்தால் சலுகை என்றால் எந்தக் கம்பெனி சிறிதாகச் செய்யும்? வண்டி வீங்கியதும் விலை வீங்கியதும் வாஷிங்டனில் நடந்த சமாசாரம். அதை விட்டுவிட்டு, வண்டியில் உருப்படியாக மாறிய ஒன்றை, என்ஜினை, போட்டு அடிக்கிறார்கள்.

மண் கடையில் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் புல்வெளி வேலை பார்க்கிற மெக்சிகோக்காரர். அவருடையது 2003 டகோமா, ஒரு பக்கக் கண்ணாடி கயிற்றில் நின்றது, பின்னால் புல்வெட்டி இயந்திரம் ஏற்றிய டிரெய்லர். மண் விழுந்ததும் எங்கள் வண்டியின் பின்பக்கம் இறங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். வந்து குனிந்து சுருள் ஸ்பிரிங்கைப் பார்த்தார், விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "ப்வேனோ" என்றார், நல்லது என்று. பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நாலு சிலிண்டரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மின் இணைப்பைக் காட்டியபோது மட்டும் புருவம் உயர்ந்தது. தன் ஹெட்ஜ் கத்தரியைக் காட்டி இது ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன். பிறகு விலை கேட்டார்.

மைத்துனர் சொன்னார். அவர் அதைத் தனக்குள் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வரிசை நகர்ந்துவிட்டிருந்தது, போய்த் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து முழு வாளிக்குக் கை காட்டினார்.